உறுமியும் கும்மியும்

கிராமத்துக் கலைகளைப் பற்றிப் பேசுகிறவர்களில் இரு சாராரைப் பார்க்கிறேன். ஒரு சாரார், அவையெல்லாம் அழிந்துவிட்டன என்று கண்ணீர் விடுகிறார்கள். மற்றவர்கள், அவை நம் முன்னோரின் பெருமை என்று மேடையேறி மார் தட்டுகிறார்கள். இருவருமே ஆட்டம் நடக்கிற இடத்துக்குப் போவது அபூர்வம். போயிருந்தால் முன்னவர் அழுகையை நிறுத்தியிருப்பார். பின்னவர் பேச்சை நிறுத்தியிருப்பார். உறுமி முழங்குகிற இடத்தில் யார் பேச்சும் எடுபடாது.

உடுமலைப்பேட்டைச் சுற்றுவட்டாரத்தில் குடியிருப்பவர்களுக்கு இது தெரிந்த விஷயம். இங்கே நூற்பாலைகள் இருக்கின்றன, விசைத்தறிகள் இருக்கின்றன, பனியன் கம்பெனிகளுக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு விடியற்காலையிலேயே வண்டிகள் திருப்பூர்ப் பக்கம் கிளம்பிவிடுகின்றன. ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் செல்போனுக்குள் உலகத்துச் சங்கீதமெல்லாம் அடைபட்டுக் கிடக்கிறது. இருந்தும், மார்கழி பிறந்துவிட்டால் சாயங்கால வேளையில் ஊர்ப் பொது மந்தையில் உறுமிச் சத்தம் கேட்கிறது. மாரியம்மன் நோன்பு சாட்டிக் கம்பம் நட்டுவிட்டால் அதைச் சுற்றி ஆட இளவட்டங்கள் வந்துவிடுகிறார்கள். மில் வேலை முடிந்து திரும்பிய பெண்கள், முகத்தைக் கழுவிக்கொண்டு, ஒயில் கும்மி பழகப் புறப்படுகிறார்கள்.

யாரும் அவர்களைக் கட்டாயப்படுத்தவில்லை. கூலியும் கிடையாது. எட்டு மணி நேரம் நின்றுகொண்டே வேலை செய்த கால், மறுபடியும் இரண்டு மணி நேரம் ஆட விரும்புகிறதென்றால் அதற்குக் காரணம் இருக்கவேண்டும். அந்தக் காரணத்தைத் தேடாமல், 'பழமை' என்றும் 'பக்தி' என்றும் இரண்டு வார்த்தையில் கணக்கை முடித்துவிடுவது விமரிசனம் ஆகாது. பழையது எல்லாம் பிழைத்திருக்கவில்லை. நம் பாட்டன்மார் பார்த்து ரஸித்த எத்தனையோ கூத்துக்கள் இன்று பெயரளவில்தான் இருக்கின்றன. பக்தி ஒன்றே காரணம் என்றால், சாமி கும்பிட்டுத் திருநீறு பூசிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். நடுநிசி வரையில் வியர்க்க வியர்க்க ஆடிக்கொண்டிருக்க மாட்டார்கள். காரணம் ஆட்டத்தின் அமைப்பிலேயேதான் இருக்கவேண்டும் என்பது என் கட்சி. நான் கதை எழுதுகிறவன். லய சாஸ்திரம் படித்தவனல்ல. ஆனால் ஒரு கதை ஏன் வாசகனைப் பிடித்து நிறுத்துகிறது, ஏன் நழுவ விட்டுவிடுகிறது என்று யோசிப்பது என் தொழில். அந்தப் புத்தியை வைத்துக்கொண்டுதான் இதையும் பார்க்கிறேன்.

முதலில் வாத்தியத்தை எடுத்துக்கொள்வோம். உறுமி, இடை சிறுத்து இரு புறமும் தோல் கட்டிய மேளம். ஒரு பக்கத்தைக் குச்சியால் அடிக்கிறார்கள். மறு பக்கத்தை வளைந்த குச்சி ஒன்றினால் அழுத்தித் தேய்க்கிறார்கள். தேய்க்கும்போது எழுகிற ஓசை முனகலுக்கும் உறுமலுக்கும் இடைப்பட்டது. பெயரே அதனால் வந்ததுதான். மற்ற மேளங்களில் ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே கொஞ்சம் வெறுமை இருக்கும். உறுமியில் அந்த வெறுமை இல்லை. ஓர் அடியை அடுத்ததோடு இழுத்து முடிச்சுப் போட்டுவிடுகிறது அந்த ஓசை. ஆடுகிறவனுடைய கால் தரையை விட்டு எழும்பி மறுபடியும் தரையைத் தொடுகிற வரையில் அவனை அந்தரத்தில் தாங்கிக்கொண்டிருப்பது அதுதான். ஆடத் தெரியாதவனும் உறுமியின் பக்கத்தில் நின்றால் தோளை அசைக்கிறான் என்றால், அதில் மாயம் ஒன்றுமில்லை. நிற்பதற்கு அவனுக்கு இடம் கொடுக்காத ஓசை அது.

இந்த உறுமிக்கு எங்கள் பக்கத்தில் மனிதர்களோடு மாடும் ஆடுகிறது. சலகெருது ஆட்டம் என்பார்கள். கம்பளத்து நாயக்கர் குடியிருக்கிற ஊர்களில் மார்கழி மாதம் முழுவதும் காளைகளை உறுமி ஓசைக்குப் பழக்குகிறார்கள். கையில் நீண்ட கோல் பிடித்த இளைஞர்கள் காளையை மறித்து முன்னும் பின்னும் ஆடுவார்கள். காளையும் அந்தத் தாளத்துக்கு முன்னே பாய்ந்து பின்னே ஒதுங்கும். தைப்பொங்கலையொட்டி, உடுமலையை அடுத்த சோமவாரப்பட்டியில் இருக்கும் ஆல்கொண்டமால் கோயிலுக்கு இந்தக் காளைகளை ஓட்டிக்கொண்டு போவார்கள். கால்நடைக்குக் காவலான திருமால் அவர். மண்ணில் செய்த மாட்டு உருவங்களைக் காணிக்கையாக வைத்துக் குடியானவர்கள் கும்பிடுகிற கோயில். அங்கே கூடுகிற ஜனத்திரளில், மில்லில் வேலை செய்கிறவனும் தோப்புக்குச் சொந்தக்காரனும் ஒரே தூசியைத்தான் சுவாசிக்கிறார்கள்.

உறுமி வாசிக்கும் பெரியவர் ஒருவரிடம், "இத்தனை வருஷமாக அடிக்கிறீர்களே, சலிக்கவில்லையா?" என்று கேட்டேன்.

"மாடு பொய்யா ஆடாதுங்கய்யா" என்றார். "மனுசன் மொகத்துக்காகக் கூட ஆடுவானுங்க. மாட்டுக்கு அடி சரியா விளுந்தாத்தான் கால் எளும்பும். நாங்க மாட்டைப் பார்த்து அடிக்கிறோம். மனுசன் கூடவே வந்துக்கிறானுங்க."

இதைவிட நல்ல விமரிசனக் கொள்கையை நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. முகதாட்சண்யம் பாராத ரஸிகனை முன்னே நிறுத்திக்கொண்டு வாசிக்கிற கலைஞன் கெட்டுப்போக மாட்டான்.

கம்பளத்தாருக்கே உரிய தேவராட்டத்திலும் இதே உறுமிதான் எல்லாம். காலில் சலங்கையும் கையில் துணியுமாக வரிசையில் நின்று ஆடுகிற அந்த ஆட்டத்துக்குப் பாட்டுக்கூட வேண்டியதில்லை. மெதுவாகத் தொடங்கும். முதல் சில அடிகளில் அனுபவசாலிகள் மட்டுமே இருப்பார்கள். போகப் போகப் பின்வரிசையில் சிறுவர்கள் ஒட்டிக்கொள்வார்கள். முன்னே ஆடுகிற பெரியவருடைய காலைப் பார்த்தே அவர்கள் கற்றுக்கொள்கிறார்கள். தனியாக ஒரு பள்ளிக்கூடம் இல்லை. வரிசையின் வால்தான் பள்ளிக்கூடம்.

ஒயில் கும்மியில் இந்த அமைப்பு இன்னும் தெளிவாகத் தெரிகிறது. கதை எல்லோருக்கும் தெரிந்த வள்ளி திருமணம். தினைப்புனம் காக்கிற குறவர் மகள், வேடனாகவும் விருத்தனாகவும் வேஷம் போட்டுக்கொண்டு வருகிற முருகன், ஆனை வடிவில் வந்து தம்பிக்கு உதவி செய்கிற பிள்ளையார். முடிவு தெரிந்த கதையில் சுவாரஸ்யம் ஏது என்று நாவல் படிக்கிற நம்மவர் கேட்கலாம். கதை தெரிந்திருப்பதுதான் இங்கே சௌகரியம். அடுத்து என்ன என்ற கவலை இல்லாததால் மனசு முழுவதும் காலுக்கும் கைக்கும் இறங்கிவிடுகிறது. வாத்தியார் ஓர் அடி பாடுவார். கூட்டம் அதைத் திருப்பிப் பாடும். வாத்தியார் அடி நீளமானது, வார்த்தை நிறைந்தது. கூட்டத்தின் அடி குட்டையானது, இரண்டு முறை கேட்டவுடன் நாவில் ஏறிவிடக்கூடியது. முதலில் நடை நிதானம். பிறகு துரிதம். கடைசியில் வார்த்தை தேய்ந்து, தன்னானே என்ற வெறும் சந்தம் மட்டும் மிஞ்சுகிற நேரமும் உண்டு. அந்தக் கட்டத்தில் வேடிக்கை பார்க்க வந்தவர்களில் பாதிப் பேர் உதட்டை அசைத்துக்கொண்டிருப்பார்கள்.

சங்கீதம் அறிந்த வித்வானுக்கு வாத்தியார் பங்கு; ஒன்றும் அறியாத ஜனங்களுக்குப் பல்லவிப் பங்கு. இரண்டும் சேர்ந்தால்தான் ஆட்டம். இந்தப் பாகப் பிரிவினைதான் ஒயில் கும்மியின் உயிர் என்று நான் நினைக்கிறேன். உடுமலையை அடுத்த பூளவாடியில் 1899-இல் பிறந்த உடுமலை நாராயணகவி, நாடக மேடையிலிருந்து சினிமாவுக்குப் போனபோது இந்த ரகசியத்தையும் உடன் எடுத்துச் சென்றார். 1949-இல் வந்த 'வேலைக்காரி', 'நல்லதம்பி', 1952-இல் வந்த 'பராசக்தி' போன்ற படங்களுக்கு அவர் எழுதியிருக்கிறார். எழுத்து வாசனை இல்லாதவனும் இரண்டாம் தடவை கூடப் பாடும்படி அவருடைய பாட்டில் ஓர் அடியாவது வந்துவிடும். கும்மியும் சிந்தும் கேட்டு வளர்ந்த காதுக்குத்தான் அந்த அளவு பிடிபடும்.

இது நம் மண்ணுக்கு மட்டுமே வாய்த்த அதிசயம் என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பூகோளத்தில் நமக்கு ஏறக்குறைய எதிர்ப்புறத்தில் கியூபா என்று ஒரு தீவு இருக்கிறது. கரும்புத் தீவு. கரும்பு வெட்ட ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளைக் கொண்டுவந்து இறக்கினார்கள். 1886-இல்தான் அங்கே அடிமைத்தனம் ஒழிந்தது. அந்தத் தீவின் கிழக்கு மலைப் பகுதிகளில், ஸ்பானியர்களுடைய கிதாரும் பாட்டும் ஆப்பிரிக்கர்களுடைய தாளமும் ஒன்று கலந்து பிறந்த ஆட்டப் பாட்டுக்குச் சோன் என்று பெயர். அதன் அமைப்பைக் கேளுங்கள். முதல் பாதியில் ஒருவர் நிதானமாகக் கதை சொல்லிப் பாடுவார். இரண்டாம் பாதிக்கு மோந்துனோ என்று பெயர், அதில் கோஷ்டி ஒரு குட்டையான அடியையே திரும்பத் திரும்பப் பாட, தனிப் பாடகர் மனம் போனபடி வார்த்தை போட்டு இடைவெளியை நிரப்புவார், தாளம் சூடேறும். இரண்டு கட்டைத் துண்டுகளைத் தட்டி எழுப்புகிற ஐந்து அடிகள், மூன்றும் இரண்டுமாகப் பிரிந்து, எல்லோரையும் ஒரே கயிற்றில் கட்டி வைத்திருக்கும். கும்மி வாத்தியார் ஒருவரை அங்கே கொண்டுபோய் விட்டால், மொழி தெரியாவிட்டாலும் எந்த இடத்தில் தம் குரலை நிறுத்திக் கூட்டத்துக்கு வழிவிட வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்துவிடும்.

சோன் மலையிலிருந்து தலைநகரான ஹவானாவுக்கு வந்தபோது பெரிய மனிதர்கள் முகம் சுளித்தார்கள். கறுப்பர் குடியிருப்பின் சத்தம் என்றார்கள். போலீஸார் வாத்தியங்களைப் பறித்ததும் உண்டு. பிறகு 1920-களில் ஆறு பேர் கோஷ்டியான செக்ஸ்தெத்தோ ஹபானேரோவின் இசைத்தட்டுக்கள் வெளிவந்தன. 1927-இல் இக்னாஸியோ பிஞேய்ரோ ஏழு பேர் கோஷ்டி ஒன்றை அமைத்தார். அதில் எக்காளமும் சேர்ந்தது. முகம் சுளித்தவர்களின் பிள்ளைகள் அதற்கு ஜோடி சேர்ந்து ஆடினார்கள். நாளாவட்டத்தில் புது மோஸ்தர்கள் வந்தன. பழைய பாடகர்களை ஊர் மறந்தது. 1996-இல் ஹவானாவில் ஒரு பழைய ஒலிப்பதிவுக்கூடத்தில் அவர்களைத் தேடிப் பிடித்துப் பாட வைத்தார்கள். 1907-இல் பிறந்த கொம்பாய் செகுந்தோவுக்கு அப்போது வயது தொண்ணூறை நெருங்கிக்கொண்டிருந்தது. இப்ராஹிம் பெரேர் பாட்டை விட்டுவிட்டுப் பாதரட்சைக்கு மெருகு போட்டுப் பிழைத்துக்கொண்டிருந்தவர். அடுத்த ஆண்டு, 'புவெனா விஸ்டா சோஷியல் கிளப்' என்ற பெயரில் அந்தத் தட்டு வெளிவந்து தேசம் தேசமாக ஓடியது. ஸ்பானிய மொழியில் ஒரு வார்த்தை அறியாதவர்களும் வாங்கினார்கள். கிழவர்கள் மேல் இரக்கப்பட்டு ஒரு தட்டு வாங்கலாம். ஒன்பது தடவை கேட்க முடியாது. மோந்துனோவில் தங்களுக்கும் ஓர் இடம் விட்டிருக்கிறது என்பது கேட்டவர்களின் காலுக்குத் தெரிந்துவிட்டது. நான் சொல்லக்கூடிய காரணம் அதுதான்.

நம் உறுமியும் கடல் கடந்திருக்கிறது. தோட்டக் கூலிகளாக மலேயாவுக்குப் போன தமிழர்களுடைய பேரப் பிள்ளைகள், பத்துமலைத் தைப்பூசத்துக்குக் கோஷ்டி கோஷ்டியாக உறுமி மேளத்தோடு வருகிறார்கள். சிங்கப்பூரில் தைப்பூச ஊர்வலத்தில் வாத்திய இசை கூடாது என்று 1973-இல் தடை போட்டார்கள். 2016-இல்தான் நேரடி வாத்தியத்துக்கு ஊர்வலப் பாதையில் சில இடங்களில் அனுமதி கிடைத்தது. இடையில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல். அதற்குள் அந்த ஆசை தணிந்துவிடவில்லை.

ஹவானாவுக்கும் எங்கள் ஊருக்கும் பொதுவான இன்னொன்று உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை மங்களப் பாட்டாக முடிந்துவிடும். இரண்டு இடத்திலும் தாளத்தைக் கொடுத்தவர்கள் சபைக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள். தோலைத் தீட்டு என்று ஒதுக்கிய சமூகம், தோல் வாத்தியத்தைப் பெரும்பாலும் தாழ்த்தப்பட்ட குடிகளின் தலையில் கட்டியது. சேவகம் என்ற பெயரில் வாசிக்க வைத்தது. அவர்கள் வட்டத்தின் ஓரத்தில் நின்று அடித்த அடிக்கு, வட்டத்தின் நடுவில் மற்றவர்கள் ஆடினார்கள். ஆட்டம் முடிந்து இலை போட்டபோது வாசித்தவர் எங்கே உட்கார்ந்தார் என்பதை, நம் நாட்டுப்புறக் கலைப் புத்தகங்கள் அதிகமாக எழுதுவதில்லை. ஆனால் ஊருக்குத் தெரியும்.

இதை மனசில் வைத்துக்கொண்டு இன்றைய கும்மியைப் பார்க்கவேண்டும். ஒயில் கும்மி வெகு காலம் ஆண்களின் ஆட்டமாகவே இருந்தது. பெண்களுக்கும் அதைக் கற்றுக்கொடுத்தவர் கோயமுத்தூர் மாவட்டத்துப் பத்திரப்பன். அவருக்கு 2024-இல் தம் எண்பத்தேழாம் வயதில் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. அந்த விருது எனக்கு ஒரு விமரிசனத் தீர்ப்பாகவே படுகிறது. வட்டத்தைப் பெரிதாக்கியவருக்குக் கிடைத்த மரியாதை அது. பெண்கள் வந்தபிறகுதான் கும்மிக்கு இந்தப் புது ரத்தம் ஓடுகிறது. தையல் மிஷினுக்கு முன்னால் நாளெல்லாம் குனிந்திருந்த பெண், இரவில் நிமிர்ந்து கையை உயர்த்தித் திரும்பும்போது அவள் முகத்தில் வருகிற களையை நான் பார்த்திருக்கிறேன். அந்த ஒரு திருப்பத்துக்காகவாவது இந்தக் கலை நீடூழி இருக்கவேண்டும்.

அதே 2024-இல் பெருந்துறையில் 16,000 பெண்கள் ஒரே நேரத்தில் வள்ளி கும்மி ஆடிக் கின்னஸ் சாதனை படைத்தார்கள். நல்ல காரியம்தான், ஆனால் கலைக்கு அதனால் என்ன நேர்கிறது என்று கேட்கவும் நமக்கு உரிமை உண்டு. பதினாறாயிரம் பேர் ஆடும்போது ஓரம் என்று ஒன்று இல்லை. எல்லோரும் ஒரே நிறப் புடவை. எல்லோரும் ஏற்கனவே பழகியவர்கள். பாட்டு ஒலிபெருக்கியில் வருகிறது. வாத்தியார் கூட்டத்தின் முகத்தைப் பார்த்து நடையைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது. வேடிக்கை பார்க்கிறவன் உள்ளே நுழைந்தால் கணக்குக் கெட்டுப்போகும். எண்ணிக்கை பெருகப் பெருகப் பார்க்கிறவன் ஆடுகிறவனாக மாறுகிற வாசல் சாத்திக்கொள்கிறது. சாதனை என்ற முறையில் அதை மெச்சுகிறேன். கும்மி என்ற முறையில், கோயில் திடலில் அறுபது பேர் ஆடுவதே எனக்கு உயர்வாகத் தோன்றுகிறது.

எண்ணிக்கையாவது ஒரு நாள் கூத்து. அதைவிடப் பெரிய அபாயம் ஒன்று வந்திருக்கிறது. சில கும்மி நிகழ்ச்சிகளில், சொந்தச் சாதிக்குள்ளேயே கல்யாணம் செய்துகொள்வோம் என்று பெண்களை உறுதிமொழி எடுக்க வைத்ததாகச் செய்திகள் வெளியாகிப் பெரிய விவாதம் நடந்தது. இதில் நியாய அநியாயம் பேச அரசியல்வாதிகள் இருக்கிறார்கள். நான் கதையை மட்டும் ஞாபகப்படுத்துகிறேன். வள்ளி குறவர் மகள். முருகன் அவளைத் தேடிக்கொண்டு மலை இறங்கித் தினைப்புனத்துக்கு வந்தவன். அவள் பொருட்டு வேஷம் போட்டவன். அவள் குலத்தார் கோபத்துக்கு ஆளானவன். இந்தக் கதையை இரண்டு மணி நேரம் பாடி ஆடிவிட்டு, முடிவில் அப்படி ஒரு சத்தியம் செய்வதென்றால், ஆடியவர்கள் பாட்டைக் கேட்கவில்லை என்றுதான் அர்த்தம். அல்லது பாட வைத்தவர்கள் கேட்கவில்லை. குலம் விட்டுக் குலம் போன ஒரு கல்யாணத்தைக் கொண்டாடத்தான் இந்த ஆட்டமே ஏற்பட்டது. அதைச் சாதிக்கு வேலியாக நட நினைப்பது, நெல்லுக்குள்ளேயே நெருப்பை மூட்டை கட்டுவது போல.

கலை பிழைத்திருப்பது வேறு, கலையின் பெயர் பிழைத்திருப்பது வேறு. சோன் பிழைத்ததற்குக் காரணம், அதைக் கண்டு முகம் சுளித்தவனுக்கும் அது இடம் விட்டுவைத்ததுதான். அடிமையின் தாளமும் எஜமானனின் கிதாரும் ஒரே பாட்டுக்குள் வந்துவிட்ட பிறகு, இது யாருடையது என்று பிரித்துச் சொல்ல யாராலும் முடியாமல் போயிற்று. அந்தத் தட்டுக்கள் ஆப்பிரிக்காவுக்கே திரும்பிப் போய், காங்கோவில் புதிய கோஷ்டிகளைப் பிறப்பித்தன. எடுத்தவர் கொடுத்தார், கொடுத்தவர் எடுத்தார். எங்கள் பக்கத்து உறுமியும் கும்மியும் அந்த நிலைக்கு அருகிலேயே வெகு நாளாக நின்றுகொண்டிருக்கின்றன. ஓர் அடி எடுத்து வைத்தால் போதும். அந்த அடியை எடுத்து வைக்க வேண்டியவர்கள் ஆடுகிறவர்கள். அடிக்கிறவர் ஏற்கனவே தம் பங்கைச் செய்துவிட்டார்.

வாசகர்களில் யாருக்காவது அடுத்த மார்கழியில் இந்தப் பக்கம் வர வாய்த்தால், சாயங்காலம் ஏதாவது ஒரு மந்தையில் சற்று நேரம் நின்று பாருங்கள். காளையைப் பாருங்கள், கோல் பிடித்த பையன்களைப் பாருங்கள். அப்புறம் உறுமி வாசிக்கிறவர் நிற்கிற இடத்தையும் பாருங்கள். ஆட்டம் முடிந்ததும் அவருக்கு யார், எந்தத் தம்ளரில், எங்கே வைத்துக் காப்பி கொடுக்கிறார்கள் என்று கவனியுங்கள். கொங்கு நாட்டு ஆட்டம் இன்னும் நூறு வருஷம் இருக்குமா இருக்காதா என்ற கேள்விக்கு, பட்டயங்களையும் பரிசுகளையும்விட அந்தத் தம்ளர் தெளிவாகப் பதில் சொல்லும்.